மூன்று கட்சிக்கு ஒரு சுவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் மூச்சிரைப்பிலிருந்து வந்தது. சிரிக்காதீர்கள். (சிரியுங்கள், பரவாயில்லை. நானே ஒரு வாரமாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் அவர்மேல் கரண்டியை எறியலாமா என்றும் தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறி வருகின்றன.)

தொடக்கம் எழுதப் பலமுறை முயன்றேன். மறைக்க என்ன இருக்கிறது, நீங்களே பாருங்கள்.

"வலியசாலைத் தெருவின் கோடி வீட்டுச் சுவர் நூறாண்டு மௌனத்தைச் சுமந்தபடி—" வேண்டாம். பழைய சுவர் சரிந்து, நாங்கள் இதைக் கட்டிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. சிமெண்டின் மௌனம் யாருக்கு வேண்டும்?

"ஜனநாயகத்தில் தனிமனிதனின் சம்மதம் என்பது—" இதையும் விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. வேலை பார்க்கிற ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆடிட்டர் பார்த்தால் வம்பு.

"காய் வாங்கப் போன பொன்னம்மை திரும்பி வந்து பார்த்தபோது, அவள் வீட்டுச் சுவரில் மூன்று கட்சிகள் குடியேறியிருந்தன."

இது இருக்கட்டும். இது நடந்தது. பொன்னம்மை நான்தான்.

2

வெளியூர் வாசகருக்கு ஒன்றை விளக்கவேண்டும். (திருவனந்தபுரத்தார் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) எங்கள் ஊரில் தேர்தல் வருகிறது என்றால் முதலில் வருவது வேட்பாளர் அல்ல, சுண்ணாம்பு. கட்சிக்காரர் வந்து வீட்டுக்காரரிடம் சுவரைக் கேட்பார். வீட்டுக்காரர் 'சரி' என்றால் வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரைப் போட்டு 'புக்டு' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு வேறு கட்சிக்காரன் அதில் கை வைக்கமாட்டான். சட்டசபையில் மைக்கைப் பிடுங்குகிறவர்கள்கூட இந்த விஷயத்தில் மரியாதைக்காரர்கள். யார் நிற்கப் போகிறார்கள் என்பதே தெரியாது, ஆனால் அவர் பெயரை எங்கே எழுதுவது என்பது முடிவாகியிருக்கும்.

எங்கள் வீடு தெருவின் கோடி வீடு. பக்கச் சுவர் நீளமாக, பஸ் போகும் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. கரமனைக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அந்த வளைவில் மெதுவாகும். அரசியல்வாதிகளுக்கு அது சுவரே அல்ல, வரம்.

மாநகராட்சித் தேர்தல் தேதியை அறிவித்த மறுநாள் காலை, அந்தச் சுவரின் இடது ஓரத்தில் ஒரு கட்சி, வலது ஓரத்தில் ஒரு கட்சி, நடுவில் ஒரு கட்சி. மூன்று வாளி, மூன்று மட்டை, மூன்று 'புக்டு.' மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றேன்.

கட்சிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு என் கட்சி எது என்று ஆராய்வீர்கள். மூவரும் என் கணவரோடு காலை நடை போகிறவர்கள், நடைக்குப் பிறகு அவர்கள் குடிப்பதை வைத்துப் பெயர் வைக்கிறேன். மகாராஜா அண்ணாச்சி, சாயாக் கட்சி. தாசையன், காப்பிக் கட்சி. இருவரும் என் கணவரின் வயதுக்காரர்கள். பிரஜின் இளைஞன், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவன், ஆகவே இளநீர்க் கட்சி.

"மதினி, ஒங்க வீட்டுக்காரரு எனக்குத் தந்த செவரு இது. கேட்டேன், தலையாட்டினாருல்லா," என்றார் மகாராஜா.

"எனக்கும் தலையாட்டினாரு. சத்தியமாட்டு," என்றார் தாசையன்.

"சேச்சி, எனக்கு ரெண்டு தவண ஆட்டினாரு," என்றான் பிரஜின். அவன் கட்சிக்கு எப்போதும் எதிலும் கொஞ்சம் கூடுதல் வேண்டும்.

என் கணவர் எங்கே என்று கேட்கிறீர்களா? குளியலறையில். சத்தம் கேட்டதும் உள்ளே போனவர், தண்ணீரைத் திறந்துவிட்டு, குளிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

3

கதாநாயகனை அறிமுகப்படுத்தும் இடம்.

உமாசங்கர், வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பாத்திரக்கடை. உண்மைப் பெயர் வேறு.

[ராத்திரி வீட்டில் இதை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். "எம் பேரையே போடேன் பொன்னு. உமாசங்கர்னா தெருவில நாலு பேரு இருக்கான், எவன்னு தெரியாதுல்லா?" அதற்காகத்தான் அந்தப் பெயர் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?]

அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. கடையில் இல்லாத, இட்லி அவிக்கிற குட்டுவத்தைக் கேட்டால் "நாளைக்கு வரும்" என்பார். நாளைக்கு வந்து கேட்டால் கடன் வாங்கியாவது பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தருவார். ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முகூர்த்தத்துக்கு ஓரிடம், சாப்பாட்டுக்கு ஓரிடம் என்று ஓடுவார். ஊரில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் பிடிக்கும், சில நாள் தவிர.

அப்புறம் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் மகள் மீனு கைக்கடிகாரம் ஒன்று வாங்கித் தந்தாள். வேகம் குறைந்தாலோ நடுவில் நின்றாலோ அது கீச்கீச்சென்று கத்தும். போதாக்குறைக்கு போனில் ஒருவன் வீடியோ போடுகிறான்: நடக்கும்போது பேசாதே, வாயை மூடு, மூக்கால் மூச்சு விடு, எக்காரணம் கொண்டும் நிற்காதே. என் கணவர் இருபத்தைந்து வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்டவரில்லை, அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிறார்.

நடப்பதற்கு மியூசியம் வளாகம். அங்கே போவதற்கு ஸ்கூட்டர். (நடக்கவேண்டும் என்பதற்காக ஸ்கூட்டரில் போகிற இந்த வழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத உத்தேசம். இங்கே வேண்டாம்.) அந்த வளாகத்தில் ஓர் ஏற்றம் உண்டு. மகாராஜா அண்ணாச்சி பழுத்த அரசியல்வாதி. அந்த ஏற்றத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். தாசையனும் பிரஜினும் வேறு வேறு நாளில், அதே ஏற்றத்தில்.

அன்று குளியலறையிலிருந்து தலை நனையாமல் வெளியே வந்தவரிடம் கேட்டேன்.

"மூணு பேருக்கும் தலையாட்டினீங்களா?"

"நான் ஆட்டல பொன்னு. மூச்சு விட்டேன். மூச்சு விட்டா தல ஆடும்லா?"

"அப்புறமாவது வாயத் திறந்து சொல்லக்கூடாதா?"

"அப்புறம் அவனுவ சாயா வாங்கித் தந்தானுவ. குடிச்சுட்டு எப்படிச் சொல்ல?"

4

இங்கேதான் கதை நகைச்சுவைத் துணுக்காக முடிந்திருக்கவேண்டும். முடித்தும்விட்டேன். வாரப் பத்திரிகைக்கு அனுப்ப உறையில் பெயர்கூட எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் சரசம்மா வந்தாள்.

சரசம்மா எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் தலைவி. மலையாளி, ஆனால் எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்து தமிழில் சண்டை போடவும் கற்றுக்கொண்டவள்.

"பொன்னம்மே, வார்டு இத்தவண பெண்ணுங்களுக்கு ஒதுக்கியிருக்கு. நீ நிக்கணும். ஒரு கட்சியும் வேண்டாம், சுயேச்சையாட்டு. அசோசியேஷன் முழுக்கக் கூட உண்டு."

"நானா? எனக்கு ஆபீஸ் உண்டே!"

"மழை பெய்தா சாக்கடை ஓடைத் தண்ணி உனக்க வீட்டுப் படியில ஏறுது. செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டுத்தானே ஆபீஸ் போற? மனு கொடுக்க ஓடினது யாரு? நீ. பின்னே நிக்கிறது யாரு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது பொய். அவள் 'நிக்கணும்' என்றபோதே நான் நின்றுவிட்டேன்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. மற்றவர்கள் எல்லாரும் நம்பும்படி இருக்கிறார்கள். இந்தப் பொன்னம்மைதான் சரியில்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறவள், அந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகை கிடைப்பதே பாடு. இவள் தேர்தலில் நிற்பாளா? ஓடைக்காகத்தான் நின்றாள் என்று எழுதினால் மதிப்பாக இருக்கும். அப்படியே எழுதிப் பார்த்தேன்: "அவள் நெஞ்சில் மக்கள் சேவை என்னும் கனல்—" சை.)

உண்மையைச் சொல்கிறேன். ஓடைக்காகவும் நின்றேன். ஆனால் முதலில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஓடை அல்ல, சுவர். அந்தச் சுவரில், ஆள் உயர எழுத்தில், நீல நிறத்தில், தமிழில், பொன்னம்மை. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி. கல்லூரியில் இந்தப் பெயருக்காக எவ்வளவு கேலி! வருகைப் பதிவில் கூப்பிட்டால் குனிந்துகொள்வேன். என் கதைகளில் அதை எறும்பு அளவில்தான் அச்சடிக்கிறார்கள், சில தடவை அதையும் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு தடவை அந்தப் பெயர் பெரிதாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை, ராத்திரி தூக்கம் கலைக்கிற ஆசை.

மீனு குதித்தாள். "அம்மா, அடிபொளி! பக்ஷே பேரு மலையாளத்துல எழுதணும், கேட்டா? தமிழ்ல எழுதினா யாரு வாயிக்கும்?"

மீனுவுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாயிக்க, அதாவது படிக்க, வராது. என் கதை ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. (அதனால் ஒரு சௌகரியம், அவளைப் பற்றி இங்கே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அவள் பிளஸ் டூவில் கணக்கில் வாங்கிய மார்க்கைக்கூட எழுதலாம். எழுதவில்லை, தாய்மனம்.)

ஆடிட்டரிடமும் சொன்னேன். தோற்றால் திங்கட்கிழமை வந்துவிடுங்கள், ஜெயித்தால் மாதாந்திர ரிட்டர்னை முடித்துவிட்டுப் போங்கள் என்றார். இவ்வளவு சுலபமாகவா ஆபீஸ் என்னை விடும் என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

எல்லாம் சரி. சுவர்?

5

வேட்பாளர் பொன்னம்மையின் வீட்டுச் சுவரில் சாயாவும் காப்பியும் இளநீரும். தன் வீட்டுச் சுவரிலேயே பெயர் எழுத முடியாத வேட்பாளரைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்தேன். ஓட்டுக் கேட்டுப் போகிற முதல் வீட்டிலேயே 'ஒங்க வீட்ல ஒங்களுக்கு ஓட்டு உண்டா?' என்று கேட்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். கதையை இழுப்பதற்காகத்தான், மன்னியுங்கள். அந்த வீடு என் பெயரில் இருக்கிறது. என் அப்பா எனக்கு எழுதித் தந்தது. மூன்று அரசியல்வாதிகள் ஏற்றத்தில் மூச்சுவாங்க ஓடி ஓடி ஒரு மனிதரிடம் சுவர் கேட்டார்களே, சுவரின் சொந்தக்காரி வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை. தலையாட்டியவருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் நீயே 'முடியாது' என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். அந்த மூவரும் நியாயஸ்தர்கள், மட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சரசம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

எனக்கு அது போதவில்லை. அவர் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் 'சரி' சொன்ன வாயால், நடைச் சிநேகிதர்கள் முகத்தைப் பார்த்து, எனக்காக ஒரு தடவை 'இல்லை' சொல்லவேண்டும். சுவரை விட எனக்கு அதுதான் பெரிதாகிவிட்டது. அது கிடைக்காவிட்டால் சுவரில் பெயர் எழுதினாலும் அது வெறும் பெயிண்டுதான்.

அவரோ, நான் நிற்பது தெரிந்த நாளிலிருந்து, வீட்டிலும் வாயை மூடி மூக்காலேயே மூச்சு விட்டார். சாப்பிடும்போதுகூட. நான் சுவர் என்று ஆரம்பித்தால் எழுந்து கை கழுவப் போனார். நடை முடிந்து கீழே வந்ததும் சுவர் யாருக்கு என்று அவர் சொல்லட்டும் என மூவரும் காத்திருந்தார்கள், அவர் குடித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனார். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

6

முடிவு எழுதும் இடம் வந்துவிட்டது. கைவசம் சில உண்டு.

அ. மழை. பலத்த மழை. மூன்று 'புக்டு'ம் கரைந்து ஓடையில் போகின்றன, சுவர் கழுவிய தட்டு மாதிரி நிற்கிறது. (அழகாக இருக்கிறது. ஆனால் 'புக்டு' எழுதியது எமல்ஷன் பெயிண்டில். கரையாது. மேலும், ஓடைத் தண்ணீர் மறுபடி என் வீட்டுப் படிக்குத்தான் வரும்.)

ஆ. விடியற்காலையில் பொன்னம்மை சேலையை இடுப்பில் செருகி, ஏணியில் ஏறி, தானே தன் பெயரை எழுதுகிறாள். தெருப் பெண்கள் கைதட்டுகிறார்கள். (பத்திரிகையில் இதைத்தான் விரும்புவார்கள். எனக்கு ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் தலைசுற்றும். அதுவும் போக, என் கையெழுத்து மோசம்.)

இ. சுவரை நான்காகப் பிரித்துச் சமமாகக் கொடுப்பது. (இதை எழுதியது நானா, எங்கள் ஆடிட்டரா?)

[அவர் எட்டிப் பார்க்கிறார். "மூணுலயும் நான் எங்க பொன்னு?"

"அதத்தான் நானும் கேக்குதேன்."

எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமா?]

7

நடந்தது இதுதான்.

மறுநாள் காலை நானும் நடக்கப் போனேன். எனக்கு நடைச் செருப்பு கிடையாது, ஆபீஸ் செருப்போடு, சுடிதாருக்கு மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். அவர் வண்டியைக் கிளப்பினார். மியூசியம் வாசலில் மகாராஜாவும் தாசையனும் பிரஜினும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூவர் முகத்திலும் ஒரே மாதிரி புன்னகை. தேர்தல் வந்தால் மட்டும் வருகிற புன்னகை.

"மதினியும் இறங்கியாச்சா?" என்றார் மகாராஜா.

"இறங்கியாச்சு அண்ணாச்சி, ரெண்டுலயும்."

நடந்தோம். அவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு கையை வீசி வீசி. நான் பக்கத்தில். மூவரும் பின்னால். ஏற்றம் தொடங்கியது. அவர் மூக்கு புஸ்புஸ்ஸென்றது. தலை மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. அடடா, உண்மைதான், மூச்சுவிட்டால் ஆடத்தான் செய்கிறது! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டேன். எனக்கும் மூச்சு வாங்கியது, ஆனாலும் கேட்டேன். பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

"ஏங்க, வார்டு வேட்பாளர் ஒருத்தி ஒங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கா. வலியசாலைல அந்தக் கோடி வீட்டுச் செவரு எனக்கு வேணும். முழுசும்."

தலை ஆடும் என்று எதிர்பார்த்தேன். ஆடினால் என்ன செய்வது என்று பயந்தேன். நாலாவது தலையாட்டலாக நானும் வரிசையில் நிற்பதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

அவர் நின்றார்.

ஏற்றத்தின் நடுவில், அத்தனை பேர் நடக்கிற வழியில், அப்படியே நின்றுவிட்டார். கைக்கடிகாரம் கீச்கீச்சென்று கத்தியது. பின்னால் வந்த மகாராஜா மோதப் பார்த்து விலகினார், தாசையன் மகாராஜாமேல் மோதினார், பிரஜின் ஓடி வந்து இருவரையும் பிடித்தான். மூன்று கட்சிகள் ஒரே மேடையில் என்றால் இதுதான். என் கணவர் குனிந்து முட்டியில் கையை ஊன்றினார். ஒரு கையை என் பக்கம் தூக்கிக் காட்டினார், பொறு என்று. கடிகாரம் நிறுத்தவில்லை. அவர் அதைக் கழற்றிப் பையில் போட்டார், அது பைக்குள்ளிருந்தும் கத்தியது.

மூன்று பேருக்கும் நடந்துகொண்டே தலையாட்டிய மனிதர் எனக்கு நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது முதலில் என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. பிறகு அவர் நிமிர்ந்தார். மூச்சு அடங்கியிருந்தது, தலை ஆடாமல் நேராக இருந்தது. அந்த மூவரையும் பார்த்து வாயைத் திறந்தார்.

8

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

[அவர் கடைசிவரை படித்துவிட்டார். "நான் சொன்னதப் போடலியே?"

"போட மாட்டேன்."

"ஏன்? ரொம்ப நேரம் பேசினேனே!"

"பேசினீங்க. கதைக்கு எதுக்கு அது? எனக்கு இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். ஏற்றமும் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. இது அசல்.]

அவர் பேசியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பேசவேண்டியது ஏதாவது இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் ஜெயித்தேனா என்று கேட்காதீர்கள், ஓட்டு இன்னும் போடவில்லை.

வலியசாலை வழியாகக் கரமனைக்குப் பஸ்ஸில் வந்தால் இடப்பக்கம் சன்னலோரம் உட்காருங்கள். கோடி வீட்டு வளைவில் பஸ் மெதுவாகும். சுவரில் நீல நிறத்தில் எழுதியிருப்பதை நீங்கள் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் படிக்க வராது என்றால், அவருக்கும் கொஞ்சம் உரக்கப் படித்துச் சொல்லுங்கள்.